முகில் ஏறுமுன் மலை ஏறுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி லீவு நெருங்குவதால் மலையேற்றம் பற்றிய கடிதங்களே இம்முறை அதிகம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: குடும்பமாக இரண்டு தடவை ஹோட்டன் சமவெளிக்குப் போய்விட்டோம். இரண்டு தடவையும் உலக முடிவில் வெள்ளைச் சீலை விரித்த மாதிரிப் பனி மட்டும்தான். எந்த மாதம் போனால் கீழே தெரியும்?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மாதத்தை விட மணிதான் முக்கியம். உலக முடிவு என்பது சுமார் 870 மீற்றர் கீழே விழும் மலைச்சுவரின் விளிம்பு. அதற்குத் தெற்கே பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம். காலை வெயில் பட்டதும் அந்தப் பள்ளத்துக் காற்று சூடாகி, ஈரத்தையும் சுமந்துகொண்டு மலைச்சுவரோடு மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகிறது. விளிம்புக்கு அது வந்து சேர்வது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். நல்ல வெயில் நாளிலும் இதேதான் நடக்கும். "இன்றைக்கு வானம் வெளித்திருக்கிறது, ஆறுதலாகப் போகலாம்" என்று நினைத்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பூங்கா வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக வாகனத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், நாலரை மணிக்கே புறப்பட்டு வாயில் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். நடைபாதை ஒரு சுற்று, சுமார் 9 கிலோமீற்றர். தொடக்கத்தில் பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கமாகத் திரும்பி, அதைத் தாண்டி பெரிய உலக முடிவுக்குப் போங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீர்வீழ்ச்சியைப் பனிக்குள்ளும் கிட்டே நின்று பார்க்கலாம், பள்ளத்தாக்கை அப்படிப் பார்க்க முடியாது. பிள்ளைகளோடு நடந்தாலும் எட்டு மணிக்கு முன் விளிம்பில் நிற்கலாம்.

ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஒன்று. பட்டிப்பொல 1,891 மீற்றரில் இருக்கும் நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அன்று காலை ரயிலில் வந்து இறங்குபவரால் பனியை முந்த முடியாது. ஒஹியவில் இறங்கினாலோ பூங்காவுக்குள் போய்ச் சேரவே சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம். முதல் நாளே வந்து தங்குங்கள்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை சொல்வோம். அந்த நாட்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். கையுறையும் காது மூடும் குல்லாவும் இல்லாமல் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். விளிம்பில் புல் பனியில் நனைந்து சவர்க்காரம் பூசியது போல வழுக்கும். சில இடங்களில் புல்லுக்குக் கீழே மண்ணே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் உள்ளே நின்றாலே எல்லாம் தெரியும். சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனால் வாயிலில் கழற்றி எடுத்துவிடுவார்கள், முதலிலேயே டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் பழகிப்போய் வந்து நிற்கும் மரைக்குப் பாணும் பிஸ்கட்டும் நீட்ட வேண்டாம். அது மனிதர் கையைப் பார்த்து நிற்கப் பழகிய பிறகு பொலித்தீனையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது.

கேள்வி: நக்கிள்ஸ் மலைக்கு வகுப்புத் தோழிகளோடு போகிறோம். அட்டைக்குப் பயந்தே பாதிப் பேர் வர மாட்டோம் என்கிறார்கள். ஏதாவது மருந்து உண்டா?
மாணவி, கண்டி

பதில்: பூசிவிட்டு மறந்துவிடக்கூடிய மருந்து எதுவும் இல்லை. ஆனால் அட்டை எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மரத்திலிருந்து விழுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியல்ல. ஈரச் சருகின் மேலும் புல் நுனியிலும் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, நூல் போல நிமிர்ந்து, முன்பக்கத்தை அப்படியும் இப்படியும் ஆட்டி நிற்கும். நம் மூச்சும் உடற்சூடும் காலடி அதிர்வும் அதற்கு எட்டினால் அந்தப் பக்கம் தாவி நடக்கும். சப்பாத்தில் தொற்றியது தோல் கிடைக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். கழுத்தில் கடித்த அட்டைகூடப் பெரும்பாலும் காலால் ஏறியதுதான்.

ஆகவே தோல் கிடைக்காமல் செய்வதுதான் முதல் வேலை. காற்சட்டையின் கால்களை உள்ளே விட்டு, முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறையை மேலே போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டுங்கள். கடையில் வாங்கும் பின்னல் சொக்ஸ் போதாது. குட்டி அட்டை தையல் நூல் மொத்தம்தான் இருக்கும், பின்னல் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். அடுத்தது, சவர்க்காரக் கட்டியைத் தண்ணீர் தொடாமல் காலுறையின் மேலும் சப்பாத்து நாக்கைச் சுற்றியும் வெள்ளை படியும் வரை தேய்ப்பது. மழையிலும் ஓடையிலும் கரைந்துவிடும், கடந்த ஒவ்வொரு முறையும் திரும்பத் தேய்க்க வேண்டும். கையில் ஒரு துணிக்குள் உப்பு முடிச்சு இருந்தால், லேசாக நனைத்து, ஏறிக்கொண்டிருக்கும் அட்டையில் ஒற்றினால் சுருண்டு விழும்.

பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை காய்ந்த பாறையிலோ வெறும் மண்ணிலோ நின்று ஒருவர் காலை மற்றவர் பாருங்கள். சருகின் மேல் நின்று பார்ப்பது இன்னும் பத்து அட்டையைக் கூப்பிடுவது போல. வரிசையில் முதல் ஆளின் காலடியில் எழும்பும் அட்டை மூன்றாவது, நான்காவது ஆளிடம்தான் போய் ஒட்டும். பயந்த பிள்ளையை நடுவில் விட்டால் பாதுகாப்பு என்பது இங்கே எடுபடாது. அவரை முன்னால் விடுங்கள்.

கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் அட்டையின் மேல் உப்புக் கொட்டவும் வேண்டாம். அப்படிச் செய்தால் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டு விழும், புண் பழுப்பதற்கு அதுவே வழி. மெல்லிய முனைதான் வாய். தோலோடு நகத்தை வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு தடித்த முனையையும் அதே மாதிரி. சவர்க்காரம் போட்டுக் கழுவி, மடித்த துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். இரத்தத்தை உறையவிடாத பொருளொன்றை அட்டை விட்டுப் போவதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் கசியலாம். பார்க்கப் பயமாக இருக்குமே தவிரப் போகிற இரத்தம் கொஞ்சம்தான். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முதலில் தங்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். தீன்ஸ்டன் பக்கத்தில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு எடுத்து, அவர்கள் சொல்லும் வழிகாட்டியோடு போங்கள். அங்கே காலையில் வெளித்த சிகரம் அரை மணித்தியாலத்தில் மூடிவிடும்.

கேள்வி: 62 வயதான எங்கள் அம்மாவுக்குச் சிவனொளிபாத மலை ஏற வேண்டும் என்று ஆசை. முழங்கால் வலி உண்டு. கூட்டிப் போகலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: டொக்டர் மறுக்கவில்லை என்றால் கூட்டிப் போகலாம். ஆனால் நல்லதண்ணிப் பாதையால் மட்டும். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகள் நீளம் கூட, முழங்காலுக்கு ஆகாது. மலை 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து மேலே சுமார் 7 கிலோமீற்றர், 5,000க்கு மேற்பட்ட படி. டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் பருவகாலம். மற்ற மாதங்களில் விளக்கு இராது, தேநீர்க் கடைகள் இரா, மேலே காற்றும் மழையும். முதிய ஒருவரை அப்போது ஏற்ற நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிருங்கள். அந்த நாட்களில் மேலே படி ஒடுங்கும் இடத்தில் வரிசை நின்றுவிடும். ஏறி வேர்த்த உடம்போடு ஒரே படியில் மணிக்கணக்காகக் காற்றில் நிற்பதுதான் வயதானவர்களை ஏற்றத்தை விட அதிகம் வாட்டுகிறது. சூரிய உதயம் பார்க்க இளையவர்கள் இரவு 2 மணிக்குக் கிளம்புவார்கள். அம்மா இரவு 9 மணிக்கே தொடங்கட்டும். வழியில் மடங்களும் கடைகளும் உண்டு, இருந்து இருந்து போகலாம். படியில் முழுப் பாதமும் படிய வேண்டும், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஐம்பது படிக்கு ஒரு தடவை நிற்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்துக்கு மேல் வேண்டாம்.

உச்சியில் நல்லதண்ணியை விட 6, 7 பாகை குளிர் கூட, காற்று வேறு. கடைசிக் கடையிலேயே ஒதுங்கி, வேர்வையில் நனைந்த உள்ளாடையைக் கழற்றிக் காய்ந்ததை உடுத்தி, அதன் மேல் சுவெட்டரும் காதை மூடும் துணியும் போடச் செய்யுங்கள். ஈரத்தின் மேல் எத்தனை சுவெட்டர் போட்டாலும் நடுக்கம் நிற்காது.

வலி வருவது இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழுப் பாரமும் மடங்கிய ஒரே முழங்காலில் விழுகிறது. நன்றாக விடிந்த பிறகே இறங்குங்கள். கம்பிக் கைப்பிடி இருக்கும் பக்கமாக, சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, வலிக்கும் காலை முதலில் கீழே வைத்து இறங்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முன்னால். கையில் தடி இருந்தால் அதைக் கீழ்ப்படியில் ஊன்றிய பிறகே கால். பிரஷர், சீனி வருத்த மாத்திரைகளை அன்றைக்கு விட்டுவிடக் கூடாது. நெஞ்சு இறுக்கமோ இடது கைக்கு ஓடும் வலியோ வந்தால் எந்தப் படியில் நின்றாலும் அதுவே அன்றைய உச்சி. மேலும் நடக்க விடாமல் அங்கேயே உட்கார வைத்து, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு நடக்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிற வேலையைத் தொடங்கியிருக்கிறேன். குளவி கொட்டினால் என்ன செய்வது?
இளைஞர், நோர்வூட்

பதில்: நல்ல கேள்வி. சிறுத்தையைப் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர், மலையகத்தில் நடப்பவரை உண்மையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குளவியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கொழுந்து பறிப்பவர்கள் கொட்டு வாங்கிய செய்தி பத்திரிகையில் வராத மாதம் இல்லை.

இரண்டு இனத்தைப் பிரித்தறியுங்கள். ஒன்று குளவி. கூடு சாம்பல் நிறக் கடதாசி மாதிரி, தேயிலைச் செடிக்குள்ளும் மரக் கிளையிலும். கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பல தடவை கொட்டும். மற்றது மலைத்தேனீ. பாறை முகத்திலும் உயர்ந்த மரத்திலும் திறந்த அடையாகத் தொங்கும். நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்தவின் பெயரே சிங்களத்தில் இந்தத் தேனீயின் பெயரால் வந்ததுதான். தேனீ கொட்டிய இடத்தில் கொடுக்கும் நச்சுப் பையும் தங்கிவிடும். அதிலிருந்து வரும் வாடை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு இழுக்கும்.

ஆட்களைக் கூட்டிப் போவதற்கு முதல் நாள் அந்த மலையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். எந்த நம்பர் மலையில் கூடு இருக்கிறது என்று கொழுந்து பறிக்கும் அக்காமாருக்குத் தெரியும். வாசனைத் தைலம், சென்ட், கறுப்பு உடுப்பு வேண்டாம். கூட்டுக்குக் கீழே சிகரட்டும் நெருப்பும் கூடாது. பாறையில் அடை தொங்கும் இடங்களில் ட்ரோன் பறக்கவிடுவதையும் தடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பூச்சி வந்து தலையில் மோதித் திரும்பினால் அது எச்சரிக்கை. கையை வீசாமல், எல்லோரையும் வந்த வழியே மெதுவாகத் திருப்புங்கள்.

கூட்டமாக எழும்பிவிட்டால் மெதுவாகப் போகும் கதையெல்லாம் இல்லை, ஓட வேண்டும். சட்டையையோ துவாயையோ தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடி, பாதையைப் பார்க்க மட்டும் இடைவெளி விட்டு, நூறு இருநூறு மீற்றராவது. லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), வாகனம், கொழுந்து நிறுக்கும் மடுவம், எது கிட்டவோ அதற்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். குப்புறப் படுப்பதும் தண்ணீருக்குள் குதிப்பதும் பயனில்லை, மேலேயே சுற்றிக் காத்திருக்கும். மலைச்சரிவில் ஓடும்போது கான் (வடிகால்) தெரியாமல் விழுந்து கால் முறிவதும் உண்டு, ஆகவே பாதையோடு மட்டும் ஓடச் சொல்லுங்கள்.

தேனீக் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள், எவ்வளவு வேகமாக எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நஞ்சு குறைவு. குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். நாக்கு, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, தலைசுற்று, இதில் ஏதாவது ஒன்று வந்தால் ஒரு கொட்டு என்றாலும் உயிர் ஆபத்து. 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் என்றால் உட்கார வையுங்கள். பல கொட்டு வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முன்பு கொட்டி வீங்கியவர் யாராவது உண்டா என்று நடை தொடங்க முன் கேட்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பீக்கோ டிரெயில் என்கிறார்களே, அது என்ன? தோட்டத்துக்குள் நடக்க அனுமதி வேண்டாமா?
வாசகர், மட்டக்களப்பு

பதில்: தோட்டங்களுக்கிடையே துரைமார் காலத்தில் வெட்டிய வண்டிப் பாதைகளையும் தொழிலாளர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய குறுக்குகளையும் இணைத்து அமைத்த நீள்நடைப் பாதை அது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். 1867இல் வணிகத் தேயிலை முதலில் நட்ட லூல்கந்துரவும் வழியில் வருகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நடக்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். வண்டிப் பாதைகளில் ஏற்றம் மெதுவாக இருக்கும், மாட்டு வண்டிக்கு அளந்து போட்டவை. குறுக்குகள்தான் மூச்சு வாங்கும்.

பாதை தோட்ட நிர்வாகத்தின் காணிக்குள் போகிறது. அனுமதி பற்றிப் பாதையை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். குறி போட்ட பாதையில் மட்டும் நடங்கள், செடிகளுக்குள் இறங்கக் கூடாது. மருந்து அடிக்கும் மலையில் முதுகில் டாங்கியோடு ஆள் தெரிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு கிலோ கூடினால் கூலி, குறைந்தால் நட்டம். நிறுத்தி வைத்துச் சிரிக்கச் சொல்வது அநியாயம். நாங்கள் இதை அழுத்திச் சொல்கிறோம். அவர்களுடைய வேலைத்தலத்துக்குள்தான் நாம் நடக்கிறோம்.

தண்ணீர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் கணக்கு, ஆறு மணித்தியால நடைக்கு மூன்று லீற்றர். தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் கீழே ஓடும் ஓடையில் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், செடிக்கு அடித்த மருந்து போகாது. லயத்துப் பீலியில் ஆட்கள் குடிக்கப் பிடிக்கும் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குத் தோட்டத்து ஆட்களின் ரொட்டியும் கட்டச் சம்பலும் போல வேறொன்றில்லை. கெடாது, கசியாது, கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம்.

கேள்வி: எல்ல மலைக்குத் தண்டவாளத்தால்தான் போக வேண்டும் என்கிறார்களே?
வாசகி, வவுனியா

பதில்: பலரும் போகிறார்கள், நாங்கள் சொல்ல மாட்டோம். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். மலைநாட்டு ரயில் வளைவுகளில் மெதுவாக வரும், அதனாலேயே சத்தம் மண்மேட்டில் தடைபட்டு மிகக் கிட்டே வந்த பிறகுதான் கேட்கும். வெட்டிய மேட்டுக்குள் ஒதுங்க இடமும் இல்லை. ஓட்டோவில் கிதல் எல்ல வரை போய் அங்கிருந்து ஏறுங்கள். மேலே மாணாப்புல்லுக்குள் பாதை பல கிளையாகப் பிரியும். வழியில் நிற்கும் சிலர் பிழையான பக்கம் காட்டிவிட்டு, பிறகு வழிகாட்டக் காசு கேட்பதும் நடக்கிறது. போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க (1921இல் கட்டியது, 24 மீற்றர் உயரம்) மேலே தேயிலை மலையில் நின்றாலே போதும், பாலத்தின் மேல் நிற்க வேண்டியதில்லை.

ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் புல் சுள்ளியாகக் காய்ந்திருக்கும். அடுப்பு மூட்டாதீர்கள், சிகரட் துண்டு போடாதீர்கள். தீ ஏற்றத்தில் மனிதரை விட வேகமாக ஓடும். புகை கண்டால் மேல்நோக்கி ஓடாமல் பக்கவாட்டாக, எரிந்து முடிந்த இடத்துக்கோ பாறைக்கோ போங்கள்.

கேள்வி: பிதுருதலாகலை நாட்டின் உயரமான மலையாச்சே, நடந்து ஏறலாமா?
மாணவர், ஹாலிஎல

பதில்: முடியாது. 2,524 மீற்றர் உச்சியில் பாதுகாப்பு முகாம் இருக்கிறது. அனுமதியோடு வாகனத்தில்தான் போகலாம். நடந்து ஏறக்கூடியவற்றில் உயர்ந்தது ஹோட்டன் சமவெளியிலுள்ள கிரிகல்பொத்த. போக வர சுமார் 14 கிலோமீற்றர், சதுப்பும் மூங்கில் புதரும். முழு நாளையும் ஒதுக்குங்கள்.

கேள்வி: பனிக்குள் வழி தவறிவிட்டால், ஆற்றோடு இறங்கினால் ஊர் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதானா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: தாழ்நிலத்தில் சரி. மலையகத்தில் அந்த யோசனை ஆளைக் கொல்லும். இங்கே ஓடை படிப்படியாக இறங்குவதில்லை, ஒரு தட்டில் ஓடி அடுத்த தட்டுக்கு நீர்வீழ்ச்சியாகக் குதிக்கிறது. ஓடையோடு இறங்குபவர் வழுக்குப் பாறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய், மேலேயும் ஏற முடியாத, கீழேயும் இறங்க முடியாத விளிம்பில் மாட்டிக்கொள்வார். தண்ணீர் இரைச்சலில் அவர் கத்துவதும் கேட்காது.

வழி தெரியவில்லை என்று தோன்றிய அந்த இடத்திலேயே நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று போகும் ஒவ்வொரு நூறு மீற்றரும் தேடுபவர்களுக்கு ஒரு மணித்தியாலம். பனி அலை அலையாகத்தான் வரும், அரை மணித்தியாலம் காத்திருந்தால் பல தடவை வெளிக்கும். வெளித்ததும் கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். தேயிலைச் செடி கண்ணில் பட்டுவிட்டால் கவலை பாதி தீர்ந்தது. நேரே கீழே இறங்காமல், நிரையோடு கிடையாக நடந்தால் குறுக்கோ வண்டிப் பாதையோ கட்டாயம் வெட்டும். வண்டிப் பாதை எப்படியும் லயத்துக்கோ பெக்டரிக்கோ கொண்டுபோய் விடும்.

விசில் ஒன்று எல்லோர் கழுத்திலும் இருக்க வேண்டும். மூன்று தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, திரும்ப மூன்று. குரல் பத்து நிமிடத்தில் அடைத்துவிடும், விசில் அடைக்காது. போனை உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பட்டரி விரைவாக இறங்கும். சிக்னல் இருந்தால் பொலிஸ் அவசர எண் 119க்கு அழைத்து, வரைபடத்தில் நிற்கும் இடத்தின் எண்களை வாசியுங்கள். கிளம்பும்போதே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கடைசி லயத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். டோர்ச் இல்லாமல் பகலில்கூடப் போக வேண்டாம். இங்கே ஆறரை மணிக்கு இருட்டிவிடும், அந்தி நீளாது.

கேள்வி: மலை ஏறிப் பழகிய நாங்கள் இந்த வருடம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போக நினைக்கிறோம். கடற்கரைக் காடு எங்களுக்குச் சிரமமா?
இளைஞர் குழு, பண்டாரவளை

பதில்: கால் தாங்கும், சூடு தாங்காது. உங்கள் உடம்பு குளிருக்குப் பழகியது. கதிர்காமத் திருவிழாவை ஒட்டிக் காட்டுப் பாதை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும். குமண, யால காடுகளுக்குள்ளால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கி ஐந்து முதல் ஏழு நாள் நடை. அதற்கு முன் ஒரு வாரமாவது ஊரில் நடுப்பகல் வெயிலில் தினம் ஒரு மணித்தியாலம் நடந்து வேர்க்கப் பழகுங்கள். அங்கே விடியற்காலை 4 மணி முதல் 9 மணி வரையும், மாலை வெயில் சாய்ந்த பிறகும் மட்டும் நடை. மலையில் போதுகிற மூன்று லீற்றர் இங்கே போதாது, நாளுக்கு ஐந்து வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்தால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும், உப்புப் போட்ட கஞ்சியோ ஜீவனியோ (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சீனித் தூள்) சேருங்கள். ஆறு வற்றியிருக்கும் இடத்தில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பார்கள், அதைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மணலில் மலைச் சப்பாத்து பாரம், உள்ளே மணல் புகுந்து கொப்புளம் போடும். பழகிய செருப்பு மேல். யானை, கரடி நடமாடும் நேரம் என்பதால் கூட்டத்தை விட்டுத் தனியே போகாதீர்கள், இருட்டில் தண்ணீர்க் கரைக்குப் போகவே வேண்டாம். உகந்தையின் பாறைக் கரையைப் பார்த்து அலையில் இறங்கும் ஆசை வரும். கடல் இழுக்கும் கரை அது, முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்றே கால் நனையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எவ்வளவு மழை பெய்தால் மலைக்குப் போகக் கூடாது? மின்னலும் பயமாக இருக்கிறது.
வாசகர், கொஸ்லந்தை

பதில்: கொஸ்லந்தைக்காரர் கேட்கும்போது காரணம் விளங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் இறங்கிய மண்ணை அங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மழையளவை வைத்தே எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் வந்த அன்றே நடையை ஒத்திவையுங்கள். மழை விட்ட பிறகும் மண்ணுக்குள் போன தண்ணீர் கீழே அழுத்திக்கொண்டுதான் இருக்கும், வெயில் வந்ததும் கிளம்பாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மேடு திடீரெனப் பிளந்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால், தெளிவாக ஓடிய ஊற்று கலங்கினால் அல்லது சட்டென்று நின்றுபோனால் திரும்பி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் கிட்டிய லயத்துக்கும் சொல்லுங்கள்.

மின்னல் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலும் பிற்பகலில். இந்த மாதங்களில் நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. முகட்டையும் தனி மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு இறங்கி, ஒருவருக்கொருவர் பல மீற்றர் தள்ளி, கால் இரண்டையும் சேர்த்துக் குந்தியிருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகும் வரை எழும்ப வேண்டாம்.